எச்சரிக்கை வரவில்லை என்றால் பாதை காலியா?

ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "என் காரில் கார்2எக்ஸ், அதாவது வண்டிகள் ரேடியோ வழியாக ஒன்றுக்கொன்று எச்சரிக்கை அனுப்பும் கருவி, இருக்கிறது. ஆட்டோபானில் (ஜெர்மனியின் விரைவுச்சாலையில்) ஒரு தடவை சாலைப் பணி வண்டி கண்ணில் படுமுன்பே திரையில் காட்டிவிட்டது. இன்னொரு நாள் வளைவுக்கு அப்பால் பழுதாகி நின்ற காரைப் பற்றி மூச்சே விடவில்லை. இதை நம்பி ஓட்டலாமா?"

வந்த எச்சரிக்கையை நம்புங்கள், உடனே ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள். வராததை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பழுதான காரைப் பற்றித் தகவல் வராததற்கு, அந்தக் காரில் கருவியே இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். வோக்ஸ்வேகன் 2019 கடைசியில் கோல்ஃப் 8-இல் இதைக் கொடுக்க ஆரம்பித்தது. வேறு சில கம்பெனிகளோ மொபைல் நெட்வொர்க், சர்வர் என்று சுற்றிக்கொண்டு அனுப்புகின்றன, அதை உங்கள் கார் நேரடியாகக் கேட்க முடியாது. போதாததற்கு உங்கள் கார் பேசும் அதே 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செல்லுலார் வகை (மொபைல் போன் தொழில்நுட்பத்தைச் சேர்ந்த) ரேடியோ ஒன்றும் உண்டு. உங்களுடையது வைஃபை குடும்பம். ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. அமெரிக்காவில் 1999-இல் வாகனங்களுக்கென்றே இந்த அலைவரிசையில் 75 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கினார்கள், 2020-இல் அதில் 45-ஐ வைஃபைக்குக் கொடுத்துவிட்டு மீதி 30-ஐச் செல்லுலார் வகைக்குத் திருப்பினார்கள். இந்தச் சண்டையில் போன வருடங்கள் கொஞ்சமல்ல.

சரி, இரண்டு காரிலும் ஒரே கருவி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். செய்தி பொதுவாக ஒலிபரப்பாகிறது, கிடைத்ததா என்று யாரும் பதில் சொல்வதில்லை, அதனால் தொலைந்த செய்தி தொலைந்ததுதான். ஆனாலும் நின்றுபோன கார், சாலைப் பணி வண்டி போன்றவற்றுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை, ஏனென்றால் எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். தடையில்லாத இடத்தில் 800 மீட்டர் வரை எட்டும் என்கிறார்கள், 130 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க 22 வினாடி ஆகும், பாதி செய்தி போனாலும் ஒன்றாவது வந்து சேரும்.

கஷ்டம் எங்கே என்றால், இரண்டு வண்டிக்கு முன்னால் ஒருவர் திடீரென்று பிரேக் அடிக்கும்போது. அந்த வேகத்தில் வினாடிக்கு 36 மீட்டர் போகிறீர்கள், வினாடிக்கு அதிகபட்சம் பத்து செய்தி, ஆக ஒரு செய்தி தொலைந்தால் சுமார் மூன்றரை மீட்டர் இருட்டு. ஐந்தில் ஒன்று அங்கங்கே தொலைந்தால் தொடர்ந்து மூன்று தொலைவது நூற்றுக்கு ஒன்றுகூட வராது, அது பரவாயில்லை. ஆனால் நிஜத்தில் அப்படி அங்கங்கே தொலையாது. கூரை ஆன்டெனா ஒன்றரை மீட்டர் உயரம், நடுவில் நான்கு மீட்டர் உயரக் கண்டெய்னர் லாரி நின்றால் செய்திகள் வரிசையாகத் தொலையும். அதனால் 'இத்தனை சதவீதம் செய்தி வந்து சேர்ந்தது' என்று யாராவது சராசரி காட்டினால் நான் மயங்குவதில்லை, அதிகபட்சம் எவ்வளவு நேரம் மௌனம் நிலவியது என்றுதான் கேட்பேன்.

நெரிசலும் ஒரு கணக்குதான். போலியல்ல என்று காட்டும் மின்னணுக் கையெழுத்துச் சான்றோடு சேர்த்து ஒரு செய்தி 400 பைட் என்று வையுங்கள். வழக்கமான 6 மெகாபிட் வேகத்தில் அதற்கு அரை மில்லி வினாடிக்கு மேல் ஆகும். வினாடிக்குப் பத்து தடவை அனுப்பினால் ஒரு காருக்கே சேனலில் (எல்லாரும் பகிரும் ரேடியோ பாதையில்) அரை சதவீதம் போய்விடும். கேட்கும் தூரத்தில் 200 கார் நின்றால் இடமே இல்லை! அப்போது கார்கள் தாங்களாகவே அனுப்பும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். இன்று கருவி உள்ள வண்டிகள் குறைவு என்பதால் சேனல் காலியாகத்தான் கிடக்கிறது, எல்லாரும் வாங்கிய பிறகுதான் இந்தத் தலைவலி.

அப்புறம், சுரங்கப் பாதையில் ஜிபிஎஸ் தடுமாறும், எதிர்ச்சாலைச் சம்பவத்தை உங்கள் சாலை என்று காட்டவும் கூடும். இடைவெளியை ரேடாரும் உங்கள் கண்ணும் பார்க்கட்டும், இது அவற்றால் எட்ட முடியாத வளைவுக்கு அப்பால் மட்டும் உதவட்டும். காரின் அமைப்புகளில் கார்2எக்ஸ் அணைந்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள், பழைய காராக வாங்கியிருந்தால் முந்தைய உரிமையாளர் அணைத்து வைத்திருக்கலாம்.