ஆய்வகக் கருவி விற்பனைப் பணியில் சேர விரும்பும் அறிவியல் பட்டதாரிகளுக்கு: கேள்வி-பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வேதியியலும் உயிர் அறிவியலும் படித்த இளைஞர்கள் அனுப்பிய கேள்விகளில், ஆய்வகக் கருவிகள், வேதிப்பொருள்கள் ஆகியவற்றின் விற்பனைப் பணி குறித்தவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். இந்த வேலையும் மெடிக்கல் ரெப் வேலையும் ஒன்றுதானா? எம்.பி.ஏ. அவசியமா? (பாலக்கோடு வாசகர்)

பதில்: இரண்டும் வேறு. மெடிக்கல் ரெப் மருத்துவரைச் சந்தித்து மருந்தின் தன்மையை எடுத்துச் சொல்கிறார். மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார். பணம் கொடுத்து வாங்குபவர் நோயாளி. ஆய்வகத் துறையிலோ, நீங்கள் கொண்டுசெல்லும் பி.எச். மீட்டரையோ, கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரையோ தினமும் கையாளப்போகும் வேதியியலர், அதன் முடிவுக்குக் கையெழுத்திடும் தரக்கட்டுப்பாட்டு மேலாளர், விலை பேசும் கொள்முதல் பிரிவு, பணத்தை விடுவிக்கும் கணக்குப் பிரிவு ஆகிய அனைவரும் ஒப்புக்கொண்ட பிறகே ஆர்டர் வரும். கண்ணாடிக் கலங்கள், வேதிப்பொருள்கள், நுண்ணுயிர் வளர்ப்பு ஊடகங்கள் போன்றவை அடிக்கடி வாங்கப்படுபவை, கலவையிலுள்ள கூறுகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. போன்ற பெருங்கருவிக்கு, முதல் சந்திப்பிலிருந்து ஆர்டர் கைக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம். எம்.பி.ஏ. தொடக்கத்தில் தேவையில்லை. சில ஆண்டுகள் களத்தில் இருந்த பிறகு, மேலாளர் பொறுப்புக்குப் போகும்போது அது பயன்படும்.

கேள்வி: எங்கள் பகுதியில் இதற்கு வாய்ப்பு உண்டா, அல்லது சென்னைக்குத்தான் போக வேண்டுமா? நேர்காணலுக்கு எப்படித் தயாராவது? (காவேரிப்பட்டினம், எம்.எஸ்சி. நுண்ணுயிரியல்)

பதில்: சென்னைக்குப் போகும் முன் உங்கள் ஊரையே சுற்றிப் பாருங்கள். கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகள் ஒவ்வொன்றும் கூழின் பிரிக்ஸ் அளவு (கரைந்துள்ள சர்க்கரையின் அளவு), அமிலத்தன்மை, பூஞ்சை மற்றும் நுண்ணுயிர் எண்ணிக்கை ஆகியவற்றைச் சோதித்தே தீர வேண்டும். ஓசூர் சிப்காட் ஆலைகளில் உலோகம், பூச்சு, கழிவுநீர்ச் சோதனைகள் நடக்கின்றன. இரு மாவட்டங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஓசூரைத் தாண்டினால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா என்று பெங்களூரின் மருந்து, உயிர்த்தொழில்நுட்ப நிறுவனங்களின் பகுதி தொடங்கிவிடுகிறது.

இவற்றையெல்லாம்விட நம் மாவட்டங்களுக்கே உரியது நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதற்கே அது முக்கியக் காரணம். அந்தத் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. இந்தியக் குடிநீர்த் தர அளவின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. இந்தச் சோதனையைக் கற்றுக்கொண்டாலே விற்பனைப் பணியின் உட்பொருள் விளங்கிவிடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஃபுளோரைடை அளக்க இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. ஒன்று ஸ்பேட்ன்ஸ் என்னும் சாயக் கரைசலைச் சேர்த்து, நிறம் எவ்வளவு குறைகிறது என்பதை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் 570 நானோமீட்டரில் பார்ப்பது. மற்றொன்று ஃபுளோரைடு அயனியை மட்டும் உணரும் மின்முனையால் அளப்பது. மின்முனை முறையில் டிசாப் என்னும் தாங்கல் கரைசலை மாதிரியில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் நீரிலுள்ள அலுமினியமும் இரும்பும் ஃபுளோரைடைப் பிணைத்துக்கொள்ளும், அளவு குறைவாகக் காட்டும். கரைசலைப் பற்றிச் சொல்லாமல் மின்முனையை மட்டும் விற்றுவிட்டு வருபவரை, ஒரு வாரத்தில் அந்த ஆய்வகம் தொலைபேசியில் அழைக்கும். அதன் பிறகு எந்தப் பொருளுக்கும் அழைக்காது. ஏற்கெனவே ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் வைத்திருக்கும் ஒரு கல்லூரி, மாதத்துக்குப் பத்துப் பதினைந்து மாதிரிகளைத்தான் சோதிக்கிறது என்றால், புதிய மின்முனை வேண்டாம், சாயக் கரைசலே போதும் என்று சொல்லிவிட்டு வர உங்களுக்குத் துணிவு வேண்டும். அன்றைய விற்பனைத் தொகை குறையும். ஆனால் அந்தத் துறைத் தலைவர் அடுத்த முறை பெரிய கருவி வாங்கும்போது முதலில் கருத்துக் கேட்பது உங்களிடம்தான். இந்தத் தொழிலில் நிலைத்து நின்றவர்களிடம் நான் கண்ட பொதுப் பண்பு இதுவே.

நேர்காணலிலும் இதையே சோதிப்பார்கள். ஒளி உறிஞ்சலையும் கரைசலின் செறிவையும் இணைக்கும் பீர்-லாம்பர்ட் விதியைச் சொன்னால் மட்டும் போதாது. செறிவு மிகுந்த மாதிரியில் அளவீடு ஏன் நேர்கோட்டிலிருந்து விலகுகிறது, அப்போது மாதிரியை என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். நுண்ணுயிரியல் படித்த உங்களிடம், நீராவி அழுத்தத்தால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவில் அழுத்தமானி சரியாகக் காட்டியும் ஊடகம் கெட்டுப்போவது ஏன் என்று கேட்கலாம். உள்ளே காற்று முழுவதும் வெளியேறாவிட்டால் அழுத்தம் ஏறினாலும் வெப்பநிலை 121 டிகிரி செல்சியஸை எட்டாது என்று விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் எம்.எஸ்சி. ஆய்வுத்திட்டத்தில் நீங்களே கையாண்ட கருவிகளின் தயாரிப்பாளர், மாடல் எண், அடிக்கடி வந்த கோளாறு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள். பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை.

கேள்வி: தமிழ்வழியில் படித்தவன். வீட்டில் தெலுங்கு பேசுவோம். ஆங்கிலம் சரளமாக வராது. தகுதி உண்டா? (தேன்கனிக்கோட்டை)

பதில்: தாராளமாக உண்டு. தமிழும் தெலுங்கும் அறிந்து, சற்றுக் கன்னடமும் பேசும் ஓசூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவரால் பெங்களூர், சித்தூர், சேலம் என மூன்று திசைகளிலும் வாடிக்கையாளரைச் சந்திக்க முடியும். இதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது பேச்சுத் திறமையைவிட எழுத்துத் திறமை: கொட்டேஷனுடன் அனுப்பும் கடிதம், டெண்டரில் கேட்டிருக்கும் ஒவ்வொரு தொழில்நுட்ப நிபந்தனைக்கும் நம் கருவி எப்படிப் பொருந்துகிறது என்று எழுதும் பட்டியல், சந்திப்பு முடிந்ததும் அனுப்பும் நான்கு வரி மின்னஞ்சல். நாளுக்கு ஒன்றாக எழுதிப் பழகினால் இவை கைவந்துவிடும்.

கேள்வி: ஓசூரில் ஒரு டீலரிடமும், பெங்களூரில் ஒரு பன்னாட்டு நிறுவனத்துக்காக ஆள் அனுப்பும் ஒப்பந்த முகமையிடமும் வேலை கிடைத்திருக்கிறது. எதில் சேரலாம்?

பதில்: பன்னாட்டு நிறுவனத்தின் பெயர் கவர்ச்சியானது. ஆனால் ஒப்பந்தப் பணியில் பெரும்பாலும் ஒரே வகைப் பொருளை மட்டுமே கையாள்வீர்கள். ஒப்பந்தம் முடிந்தபின் நிரந்தரமாக்குவார்களா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நல்ல டீலரிடம் சம்பளம் குறைவாக இருந்தாலும், அரசுக் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் வாங்கும் ஜெம் என்னும் அரசு இணையக் கொள்முதல் தளத்தின் நடைமுறை, தொழில்நுட்பப் புள்ளியும் விலைப் புள்ளியும் தனித்தனியாகத் திறக்கப்படும் டெண்டர் முறை, நிதியாண்டு முடியும் மார்ச் மாத நெருக்கடி, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், நிலுவைத் தொகை வசூல் ஆகிய அனைத்தையும் ஓரிரு ஆண்டுகளில் கற்றுவிடலாம். மாங்கூழ் ஆலைக்குப் பருவம் தொடங்கிய பிறகு போனால் பேச ஆளிருக்காது, அதற்கு முன்பே போக வேண்டும் என்பதும் உள்ளூர் டீலரிடம்தான் தெரியவரும். எனவே முதல் வேலைக்கு டீலரையே பரிந்துரைப்பேன், அவரிடம் சொந்த சர்வீஸ் பொறியாளர் இருந்தால் மட்டும். விற்ற கருவியைப் பழுது பார்க்க ஆளில்லாத இடத்தில் உங்கள் நேரமெல்லாம் சமாதானம் சொல்வதிலேயே கழியும். சம்பளம் பேசும்போது நிலையான தொகை எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு, அது ஆர்டர் வந்ததும் கிடைக்குமா, பணம் வசூலான பிறகா என்பதைத் தனித்தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: ஊர் ஊராகச் சுற்றும் வேலை என்று என் பெற்றோர் தயங்குகிறார்கள். பெண்களுக்கு இதில் இடமுண்டா? (அரூர்)

பதில்: உண்டு. ஆய்வகச் சந்திப்புகள் பெரும்பாலும் பகல் நேரத்தில் நடப்பவை. ஆனாலும் பெற்றோரின் தயக்கத்தை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மாதத்தில் எத்தனை இரவுகள் வெளியூரில் தங்க நேரும், தங்குமிடத்தை யார் ஏற்பாடு செய்வார்கள் என்று நேர்காணலிலேயே கேட்டு, பதிலை வீட்டில் சொல்லுங்கள். அலுவலகத்திலிருந்தே தொலைபேசியில் ஆர்டர் எடுக்கும் பணியும் இத்துறையில் இருக்கிறது. கருவியை இயக்கிக் காட்டிப் பயிற்சியளிக்கும் பணியும் உண்டு. பயணம் இருந்தாலும் அறிவியலோடு மிக நெருங்கியது அதுவே. அதற்கு எம்.எஸ்சி. பட்டமும் ஆய்வகத்தில் ஓரிரு ஆண்டு அனுபவமும் எதிர்பார்ப்பார்கள். ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பணியாற்றிவிட்டு அங்கிருந்து மாறுவது நல்ல வழி.

கேள்வி: வேலையில் சேர மூலச் சான்றிதழ்களையும் முன்பணத்தையும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இரண்டையும் கொடுக்க வேண்டாம். மூலச் சான்றிதழ்களை அவர்கள் எதிரிலேயே காட்டிச் சரிபார்க்கச் செய்து, உடனே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், நகல்கள் போதும். சாம்பிள் கருவியை எடுத்துச் செல்லும்போது அதற்கான ரசீதில் கையெழுத்திடுவது முறைதான், அதற்கு முன்பணம் கேட்பது முறையன்று.