பார்க்கின்சன் நோயில் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு என்ன பங்கு?

கை நடுங்கும், சட்டைப் பொத்தான் போடவே திணறும். மூளையில் டோபமைன் என்ற, அசைவைச் சீராக்கும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது பார்க்கின்சன். அந்தச் செல்களுக்குள் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் திரண்டு கட்டியாகிறது.

சரி, எதிர்ப்பு மண்டலம் எங்கே வந்தது? மூளையில் குப்பை அள்ளும் காவல் செல்கள் உண்டு, மைக்ரோகிளியா என்பார்கள். இந்தப் புரதத் திரள் போன்ற குப்பை தீராவிட்டால் அவை ஓயாமல் அழற்சிப் பொருள்களைக் கக்கி, நல்ல செல்களையும் கெடுக்கின்றன. களைக்கு அடித்த மருந்து நெற்பயிரையும் கருக்குவது போல.

1988-இல் கனடாவின் மெக்கீர் குழு, இறந்த நோயாளிகளின் மூளையில் இப்படிக் கிளர்ந்த மைக்ரோகிளியாவைக் கண்டது. 2017-இல் இன்னொரு முக்கியமான தடயம்: நோயாளிகள் சிலரின் ரத்தத்தில் உள்ள டி செல்கள் (எதிரியை அடையாளம் காணும் எதிர்ப்பு செல்கள்) ஆல்ஃபா சைனுக்ளின் புரதத்தையே எதிரியாகப் பார்த்தன. அழற்சி முதலா, செல் அழிவு முதலா என்பதில்தான் இன்றும் ஆராய்ச்சி நடக்கிறது.

பலர் நினைப்பதுபோல ‘எதிர்ப்பு சக்தி குறைந்ததால்’ வந்த நோய் இல்லை இது. இங்கே சந்தேகப்படுவது அடங்காத எதிர்ப்பை.