புவியின் மேலோடு சுமையால் வளைவதைக் கணக்கிட முழு நிரலையும் நானே எழுத வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆற்று அரிப்பைக் கணிக்கும் நிரல் ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்றும், அரிப்பால் சுமை குறையும் இடங்களில் நிலம் எவ்வளவு மேலெழும் என்பதையும் அதனோடு சேர்க்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலைக்கென்றே பைத்தானில் எழுதப்பட்ட ஜிஃப்ளெக்ஸ் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. ஆண்ட்ரூ விக்கர்ட் அதன் அமைப்பை 2016இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அதைத் தனியாகவும் இயக்கலாம், நிலவரைபடத் தரவுகளைக் கையாளும் கிராஸ் ஜிஐஎஸ், நிலப்பரப்பு மாற்றங்களைக் கணிக்கும் லேண்ட்லேப் ஆகிய மென்பொருள்களின் உள்ளிருந்தும் அழைக்கலாம்.

அது பாறைக்கோளத்தை, அதாவது புவியின் விறைப்பான வெளியடுக்கை, அடியில் மெதுவாக நகரும் மூடகம் என்ற பாறை அடுக்கின் மேல் மிதக்கும் மீள்தகடாக, அதாவது சுமை நீங்கினால் பழைய வடிவுக்குத் திரும்பும் தகடாக, கருதுகிறது. தகட்டின் விறைப்பு அதன் மீள்தடிப்பின் (இப்படி மீளும் தகட்டின் தடிப்பின்) மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், தடிப்பை இரட்டித்தால் விறைப்பு 8 மடங்காகும். ஆனால் வளைவு பரவும் தொலைவோ விறைப்பின் நான்காம் மூலத்தைப் பின்பற்றுவதால் ஏறத்தாழ 1.7 மடங்குதான் கூடும். தடிப்பு எங்கும் ஒரே அளவாக இருந்தால் புள்ளிச் சுமைகளின் தீர்வுகளைக் கூட்டியே விடை காணலாம். இடத்துக்கு இடம் மாறினால் பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து எண்முறையில்தான் தீர்க்க வேண்டும்.

இனி, நான் ஒரு வாரத்தைத் தொலைத்த இடத்தைச் சொல்கிறேன். கூறுகளாகப் பிரிந்த மென்பொருள்களில் பிழை பெரும்பாலும் கூறுகளுக்குள் இருப்பதில்லை, ஒன்று மற்றொன்றிடம் எண்ணை ஒப்படைக்கும் இடத்தில்தான் இருக்கிறது. தொடக்கத்திலிருந்து அரிக்கப்பட்ட மொத்தப் பாறைக்கும் உரிய எழுச்சியை வளைவுக் கூறு ஒவ்வொரு காலப்படியிலும் சரியாகவே தந்தது. நானோ அதை அந்தப் படியில் மட்டும் ஏற்பட்ட எழுச்சி என்று எண்ணி நிலத்தின் உயரத்தோடு கூட்டிக்கொண்டே போனேன். சமமான 10 படிகளில் 10 பங்கு எழ வேண்டிய நிலம் இப்படிக் கூட்டினால் 55 பங்கு எழுந்துவிடும். பள்ளத்தாக்கு மலையாவதைத் திரையில் பார்த்த பிறகும் என் சந்தேகமெல்லாம் அரிப்புச் சமன்பாட்டின் மீதே இருந்தது.

அலகுகளிலும் இதே கவனம் தேவை. ஜிஃப்ளெக்ஸ் கேட்பது பாறையின் உயரத்தை அன்று, அது தரும் அழுத்தத்தைப் பாஸ்கலில். மீள்தடிப்பைக் கிலோமீட்டரில் அன்று, மீட்டரில். நான் இப்போதெல்லாம் முதலில் ஓர் எளிய சோதனையை ஓட்டிப் பார்க்கிறேன். மிக அகன்ற பரப்பில், கன மீட்டருக்கு 2700 கிலோகிராம் அடர்த்தியுள்ள பாறையில் 1000 மீட்டரை நீக்கினால், மூடகத்தின் அடர்த்தி 3300 எனில், நடுப்பகுதி சுமார் 818 மீட்டர் எழ வேண்டும். எழாவிட்டால் அடுத்த படிக்குப் போவதில் பயனில்லை.

எல்லை நிபந்தனையையும், அதாவது கணக்கிடும் பரப்பின் ஓரங்கள் அசையலாமா கூடாதா என்று நீங்கள் தரும் விதியையும், பாருங்கள். மீள்தடிப்பு 25 கிலோமீட்டராக இருந்தால் கோடு போல நீண்ட ஒரு சுமையின் விளைவு இருபுறமும் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் உணரப்படும். 100 கிலோமீட்டர் அகலமே உள்ள பரப்பின் ஓரங்களை அசையாதபடி இறுக்கிவிட்டால், கிடைக்கும் விடை நீங்கள் போட்ட வேலியின் விடையாகவே இருக்கும்.

ஜிஃப்ளெக்ஸ் தருவது சமநிலைக்கு வந்த பிறகான வளைவை மட்டுமே. அரிப்புக்கு இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஆவதால் உங்கள் பயன்பாட்டுக்கு அது போதும். பனிச்சுமை நீங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியும் ஆண்டுக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் எழுந்துகொண்டிருக்கும், சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையிலுள்ள பாத்னியா வளைகுடாவைப் போன்ற பகுதிக்கு, மூடகத்தின் பாகுத்தன்மையையும் (எளிதில் நகரவிடாத பிசுபிசுப்பையும்) கணக்கில் கொள்ளும் வேறொரு கூறு வேண்டும்.