ராஜ்யசபா எம்பி நமக்கு என்ன பண்ணுவாரு? மலைக்காரங்க கேட்டதும் என் பதிலும்

போன வாரம் நம்ம நீலகிரி பச்ச தேயிலை விலை பத்தி பேசிட்டு இருந்தப்ப, மேல்சபைல இருக்கவங்க நமக்காக என்னதான் கேக்குறாங்கன்னு நிறைய பேரு கேட்டீங்க. டெல்லில ஒரு ராஜ்யசபா எம்பி ஆபீஸ்ல கேள்வி எழுதி குடுக்குற வேலை பாத்துட்டு இப்ப கோத்தகிரி பக்கம் வந்து உக்காந்திருக்கேன், அதனால தெரிஞ்சத சொல்றேன். கட்சி சண்டை மட்டும் வேணாம், மத்தபடி எது வேணா கேளுங்க.

குன்னூர்லேர்ந்து: சார், ஊட்டி குன்னூர் கூடலூர்னு மூணு எம்எல்ஏ இருக்காங்க, லோக்சபாக்கு ஒரு எம்பி இருக்காரு. ராஜ்யசபால நமக்கு யாரு?

18 பேரும் நமக்குத்தான். தமிழ்நாட்டுக்கு மொத்தம் 18 சீட்டு, தொகுதின்னு எதுவும் கிடையாது, எம்எல்ஏக்கள் ஓட்டு போட்டு அனுப்புறாங்க, 6 வருஷ பதவி. அதாவது உங்க ஊர் எம்எல்ஏ ஓட்டும் அதுல இருக்கு. தொகுதி இல்லாததால யாரும் நமக்கு இல்லன்னு நெனைக்கிறோம், ஆனா நெஜத்துல அது நமக்கு வசதி, ஒருத்தர் கண்டுக்கலன்னா இன்னொருத்தர்கிட்ட போகலாம். நம்ம மாவட்டத்துக்காரர் கே.ஆர்.அர்ஜுனன் கூட 2013லேர்ந்து 2019 வரைக்கும் அங்க இருந்தாரு. ஊர் வேலைக்குன்னு எம்பி நிதியும் அவங்களுக்கு வருஷத்துக்கு 5 கோடி உண்டு, மாநிலத்துல எந்த மாவட்டத்துக்கு வேணாலும் குடுக்கலாம்.

அதே நண்பர்: அப்ப எல்.முருகன் சார் 2024ல இங்க நின்னாரே, அவரு மத்திய பிரதேச எம்பின்னு சொல்றாங்களே?

ஆமா, ராஜ்யசபால அவரு மத்திய பிரதேசத்துலேர்ந்து போனவரு. எந்த மாநிலத்துலேர்ந்து போறாரோ அங்கதான் வாக்காளரா இருக்கணும்னு முன்னாடி விதி இருந்துச்சு, 2003ல சட்டத்த திருத்தி அத எடுத்துட்டாங்க, சுப்ரீம் கோர்ட்டும் 2006ல அது செல்லும்னு சொல்லிருச்சு. என்னைக் கேட்டா அந்த விதி இருந்திருக்கணும், அந்தந்த மண்ணுல இருக்கவங்க போய் பேசணும்னுதான் நான் இன்னிக்கும் நெனைக்கிறேன்.

குந்தாலேர்ந்து ஒரு அக்கா: நட்சத்திரக் கேள்வி நட்சத்திரக் கேள்வின்னு பேப்பர்ல போடுறாங்களே தம்பி, அது என்ன?

அக்கா, நட்சத்திரம் போட்ட கேள்விக்கு மந்திரி எந்திரிச்சு வாயால பதில் சொல்லணும், போடாததுக்கு எழுத்துல பதில் வரும், அவ்ளோதான் வித்தியாசம். ராஜ்யசபால ஒரு நாளைக்கு 15 நட்சத்திரக் கேள்வி, 160 சாதா கேள்வி. ஒரு எம்பி ஒரு நாளைக்கு 7 நோட்டீஸ் வரைக்கும் குடுக்கலாம், குறைஞ்சது 15 நாள் முன்னாடியே குடுத்துரணும், எது மேல வரும்ங்கறது குலுக்கல்ல. மதியம் 12 மணிக்கு கேள்வி நேரம், முன்னாடி 11க்கு இருந்துச்சு, அமளில தெனம் வீணா போகுதுன்னு 2014ல மாத்துனாங்க. அந்த ஒரு மணி நேரத்துல 15ம் முடியாது, முடியாத மிச்சத்துக்கு எழுத்துல குடுத்த பதிலோட சரி.

நட்சத்திரத்தோட மதிப்பு எங்க இருக்குன்னா துணைக் கேள்வில, அதாவது பதில் வந்ததும் அதுமேல கேக்குறதுல. கேட்டவருக்கு ரெண்டு துணைக் கேள்வி கெடைக்கும், அதுக்கப்புறம் மத்தவங்களும் எந்திரிச்சு கேக்கலாம். மொத பதில அதிகாரிங்க எழுதி குடுத்துருவாங்க, துணைக் கேள்விக்கு மந்திரி சொந்தமா பதில் சொல்லியாகணும். அதிகாரிங்க கேலரிலேர்ந்து சீட்டு எழுதி அனுப்புறதும், மந்திரி அத பிரிச்சு படிச்சுகிட்டே "மாண்புமிகு உறுப்பினர் கேட்டது முக்கியமான கேள்வி"ன்னு இழுக்குறதும் அப்பதான். எம்பி விஷயம் தெரிஞ்சு வந்தாரா, யாரோ எழுதி குடுத்தத படிச்சாரான்னு அந்த ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிரும்.

கட்டபெட்டுலேர்ந்து: அண்ணா, பச்ச தேயிலை பத்தி எத்தன வருஷமா கேக்குறாங்க, ஒண்ணும் நடக்கலையே. 2023ல நாக்குபெட்டாவுல (நம்ம நீலகிரி மலைல) ஊர் ஊரா உண்ணாவிரதம் இருந்தோம், கிலோக்கு 33.50 கேட்டோம். கேள்வி கேட்டு என்ன ஆகப்போகுது?

தம்பி இதத்தான் நான் விரிவா சொல்லணும்னு இருந்தேன். கேள்வி எப்படி எழுதுறாங்கன்றதுல பாதி விஷயம் இருக்கு. "நீலகிரி சிறு தேயிலை விவசாயிகள் நலனுக்கு அரசு எடுத்த நடவடிக்கை என்ன" அப்படின்னு கேட்டா என்ன பதில் வரும்னு நான் இப்பவே எழுதி குடுத்துருவேன், தேயிலை வாரியம் இன்னின்ன திட்டம் வச்சிருக்கு, சுயஉதவிக் குழுவுக்கு இவ்ளோ, எந்திரத்துக்கு மானியம் இவ்ளோன்னு ஒரு பட்டியல் வரும், அதுல விலைங்கற வார்த்தையே இருக்காது. அந்த எம்பி கணக்குல ஒரு கேள்வி ஏறும், நமக்கு ஒண்ணும் கெடைக்காது.

அதையே இப்படி கேக்கணும். ஒண்ணு, போன மூணு வருஷத்துல நீலகிரிக்கு மாசா மாசம் தேயிலை வாரியம் அறிவிச்ச சராசரி பச்ச இலை விலை என்ன. ரெண்டு, எந்தெந்த மாசம் எத்தன பேக்டரி அந்த விலைக்கு கீழ குடுத்துச்சு. மூணு, 2003 தேயிலை சந்தைப்படுத்தல் கட்டுப்பாட்டு ஆணைப்படி அந்த பேக்டரிங்க மேல என்ன நடவடிக்கை, இல்லன்னா ஏன் இல்ல. இப்படி கேட்டா தப்பிக்க முடியாது, விற்பன பணத்த விவசாயியும் பேக்டரியும் எப்படி பங்கு போடணும்னு கணக்கு அந்த ஆணைலேயே இருக்கு, வாரியம் வர்த்தக அமைச்சகத்துக்கு கீழ வருது, பதில் சொல்ல வேண்டியது அவங்கதான். துணைக் கேள்வில போய், ஆதரவு விலை அறிவிக்கிற 22 பயிர்ல தேயிலை ஏன் இல்லன்னு கேக்கலாம்.

கேட்டதும் வெல ஏறிடாது, அது எனக்கும் தெரியும். ஆனா மந்திரி சபைல குடுத்த எண்ணு ஒரு ஆவணம், அத கோர்ட்டுக்கு எடுத்துட்டு போகலாம், கலெக்டர் மீட்டிங்ல டேபிள் மேல வைக்கலாம். நம்ம வாயால சொல்றப்ப புகார்னு தள்ளிடுறாங்க, அவங்களே எழுதிக் குடுத்தத தள்ள முடியாது.

ஊட்டிலேர்ந்து: 400 கேள்வி கேட்டாரு, 90 சதவீதம் வருகைன்னு எம்பிங்களுக்கு மார்க் போட்டு சுத்த விடுறாங்களே, நம்பலாமா?

எண்ணு பொய் இல்ல, பிஆர்எஸ் (PRS, பார்லிமெண்ட் வேலைய கவனிக்கிற ஆய்வு அமைப்பு) மாதிரி அமைப்புங்க சபை ரெக்கார்டுலேர்ந்துதான் எடுக்குறாங்க. ஆனா எண்ண வச்சு ஆள எடை போடாதீங்க. மந்திரியா இருக்கவரு கேள்வியே கேக்க மாட்டாரு, வருகை பதிவேட்டுலயும் கையெழுத்து போட மாட்டாரு, அதனால அவருக்கு அந்த கணக்கே பொருந்தாது. பெரிய கட்சிக்கு விவாதத்துல நேரம் ஜாஸ்தி, ஒத்த ஆளா இருக்கவருக்கு மூணு நிமிஷமோ அஞ்சு நிமிஷமோதான், அதுல அவரு எவ்ளோ கூர்மையா பேசுனாரோ அது எண்ணிக்கைல வராது. கேள்வியிலயும் ஒரே கேள்விய நாலு எம்பி பேருல போடுறது சர்வ சாதாரணம்.

ஒரு எம்பிய அளக்கணும்னா அவரோட பத்து கேள்விய எடுத்து படிங்க. ஒரே விஷயத்த விடாம அடுத்தடுத்த கூட்டத்தொடர்ல தொரத்திருக்காரா, போன தடவ வந்த பதில பிடிச்சு அடுத்த கேள்வி வச்சிருக்காரா, பாருங்க. நான் மதிக்கிற வேலை அதுதான்.

கூடலூர்லேர்ந்து: ஜென்மி நிலம் (பழைய பரம்பரை நிலக்காரங்க கைல இருந்த நிலம்) செக்‌ஷன் 17 பத்தி ராஜ்யசபால கேக்க வைக்க முடியுமா அண்ணா? எங்க அப்பா காலத்துலேர்ந்து பட்டா இல்லாம கெடக்குறோம்.

நேரா கேட்டா தள்ளுபடி ஆயிரும் தம்பி. 1969 ஜென்மம் ஒழிப்பு சட்டம் மாநில சட்டம், நிலம் மாநில விஷயம், மத்திய அரசு பொறுப்புல இல்லாதத அங்க கேக்க முடியாது. இத சட்டசபைலதான் தொரத்தணும். நமக்கு மாநிலத்துலயும் ஒரு மேலவை இருந்துச்சு, 1986ல கலைச்சுட்டாங்க, அதனால எம்எல்ஏ ஒருத்தர்தான் வழி. ஆனா உங்க ஊர் விஷயத்துல மத்திய அரசு பக்கம் தொடுறதும் இருக்கு, வன உரிமைச் சட்டம், புலிகள் காப்பகம், மைசூர் ரோடு ராத்திரி தடை. அது வழியா கேக்கலாம். அதே மாதிரி மலை ரயிலு நேரா மத்திய அரசு, அருவங்காடு கார்டைட் பேக்டரி மத்திய அரசு கம்பெனிக்கு கீழ, ரெண்டு பத்தியும் தாராளமா கேக்கலாம்.

தும்மனட்டிலேர்ந்து: படுகர் பழங்குடி பட்டியல் கோரிக்கைய எத்தனையோ பேரு பேசிட்டாங்க. ஏன் நகரல?

இதுல பேச்சு மட்டும் போதாதுங்க. பட்டியல்ல சேக்குறதுக்கு ஒரு வரிசை இருக்கு. மாநில அரசு பரிந்துரைக்கணும், இந்திய தலைமைப் பதிவாளர் (மக்கள்தொகை கணக்கெடுப்ப பாத்துக்குறவரு) ஒத்துக்கணும், தேசிய பழங்குடியினர் ஆணையம் ஒத்துக்கணும், அப்புறம் அமைச்சரவை, அதுக்கப்புறம் மசோதா, கடைசில அரசியலமைப்பு 342படி பார்லிமெண்ட். நரிக்குறவர் குருவிக்காரர் சமூகத்துக்கு 2022 டிசம்பர்ல ரெண்டு சபையும் நிறைவேத்துச்சே, அதுவும் இந்த வரிசைல வந்ததுதான். அதனால எம்பிகிட்ட "சேக்க சொல்லுங்க"ன்னு மனு குடுக்காதீங்க, "இந்த கோரிக்கை இப்ப எந்த மேஜைல, எந்த தேதிலேர்ந்து கெடக்குது, திருப்பி அனுப்பிருந்தா என்ன காரணம் எழுதி அனுப்புனாங்க"ன்னு கேக்க சொல்லுங்க. காரணம் கைல இருந்தாத்தான் அதுக்கு பதில் தயார் பண்ண முடியும்.

கோடநாடுலேர்ந்து: ஜீரோ ஹவர்ல (அவசர விஷயம் எழுப்புற நேரத்துல) பேசுறத வீடியோல பாக்குறேன், பாதில மைக் கட் ஆகுதே, வேணும்னே பண்றாங்களா?

இல்லைங்க, அது 3 நிமிஷ கணக்கு, முடிஞ்சா மைக் தானா அணைஞ்சிரும், எந்த கட்சியா இருந்தாலும் அதேதான். பழகுனவங்க மொத வரிலேயே கோரிக்கைய சொல்லிட்டு அப்புறம் காரணத்துக்கு போவாங்க. புதுசா வந்தவங்க தலைவருக்கு நன்றி, கட்சித் தலைவருக்கு நன்றின்னு ஒரு நிமிஷத்த விட்டுருவாங்க, பாக்குறப்ப எனக்கு மனசு ஆறாது. பேச எடம் கெடைக்கலன்னா சிறப்புக் குறிப்புன்னு (ஸ்பெஷல் மென்ஷன்) எழுதி படிக்கிறது இருக்கு, 250 வார்த்தைக்குள்ள.

வெலிங்டன்லேர்ந்து: தமிழ்ல பேசலாமா அங்க?

பேசலாம். 2018லேர்ந்து 22 மொழிக்கும் உடனடி மொழிபெயர்ப்பு இருக்கு, முன்கூட்டியே சொல்லிட்டா போதும்.

ஒரு காலேஜ் மாணவி, எந்த ஊருன்னு சொல்லல: மேல்சபைல பேசுன பேச்சால உண்மையிலேயே எதாச்சும் மாறிருக்கா அண்ணா?

மாறிருக்கும்மா. அறிஞர் அண்ணா 1962ல காஞ்சிபுரத்துல தோத்துட்டு ராஜ்யசபாவுக்குதான் போனாரு. அங்க அவரு பேசுன மொத பேச்சும், 1963ல பிரிவினைத் தடை, ஆட்சிமொழி மசோதாக்கள் மேல பேசுனதும் படிச்சு பாரு. எண்ணிக்கைல அவங்க கட்சி ரொம்ப சின்னது, ஆனா எதிர்ல இருக்கவங்க ஒக்காந்து கேட்டாங்க, ஏன்னா அவரு வாதத்த வச்சுட்டு எதிர்க்கேள்விக்கு நின்னாரு.

கிட்டத்துல சொல்லணும்னா திருச்சி சிவா. திருநங்கைகள் உரிமைக்கு தனிநபர் மசோதா (மந்திரியா இல்லாத எம்பி கொண்டு வர்றது) கொண்டு வந்தாரு, வெள்ளிக்கெழம மதியம் பாதி பேரு ஊருக்கு கெளம்புற நேரத்துலதான் அந்த மசோதாவுக்கெல்லாம் நேரம் குடுப்பாங்க. 2015 ஏப்ரல் 24ல ராஜ்யசபா அத நிறைவேத்துச்சு. தனிநபர் மசோதா ஒண்ணு ரெண்டு சபையும் தாண்டி சட்டமானது கடைசியா 1970ல, அதுக்கப்புறம் ஒரு சபை நிறைவேத்துறதே ரொம்ப அபூர்வம்னா எவ்ளோ பெரிய விஷயம்னு பாத்துக்கோ. லோக்சபால அது நிறைவேறல, அரசு 2019ல தன்னோட சட்டத்தையே கொண்டு வந்துச்சு, அதுல சமூகத்துக்காரங்களுக்கு நெறைய குறை இருந்துச்சு. ஆனாலும் கதவ தட்டி தெறந்தது அந்த ஒரு எம்பிதான்.

அருவங்காடுலேர்ந்து: காசு வாங்கிட்டு கேள்வி கேக்குறாங்கன்னு சொல்றாங்களே?

2005ல மாட்டுனாங்க. 10 லோக்சபா எம்பி, 1 ராஜ்யசபா எம்பி, 11 பேரையும் அந்த டிசம்பர்லேயே பதவி நீக்கம் பண்ணாங்க. அதனால கேள்வி விவரத்தோட யாராச்சும் "செலவு ஆகும்"னு சொன்னா எந்திரிச்சு வந்துருங்க. கேள்வி கேக்க ஒரு பைசா செலவு கிடையாது.

கோத்தகிரிலேர்ந்து: மந்திரி "பரிசீலிக்கிறோம்"னு சொல்லிட்டு போயிட்டா?

அது உறுதிமொழி கணக்குல வரும். அதுக்குன்னே சபைல ஒரு கமிட்டி இருக்கு, மூணு மாசத்துல நிறைவேத்தணும், இல்லன்னா நேரம் கேட்டு காரணம் சொல்லணும். இத யாரும் பின்தொடர்றதே இல்ல, எனக்கு ரொம்ப வருத்தம். நம்ம மாவட்டம் சம்பந்தமா குடுத்த உறுதிமொழிய ஒருத்தர் நோட்டுல எழுதி வச்சு எம்பிக்கு ஞாபகப்படுத்துனாலே பாதி வேலை.

இடுஹட்டிலேர்ந்து: சரிங்க அண்ணா, எங்க சங்கத்துலேர்ந்து அனுப்பணும்னா எப்ப, எப்படி?

கூட்டத்தொடர் தேதி அறிவிச்ச அன்னிக்கே அனுப்புங்க, 15 நாள் கணக்கு இருக்குறதால ஆரம்பிச்சப்புறம் அனுப்பி புண்ணியம் இல்ல. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்துல ஒரு நாள்தான், வர்த்தக அமைச்சகம் எந்த நாள்னு அட்டவணை ராஜ்யசபா சைட்லேயே போடுவாங்க, அத பாத்துட்டு அனுப்புங்க. ஒரே பக்கம், மூணு கேள்வி, கூடவே உங்க ஹட்டில (ஊர்ல) பேக்டரி குடுத்த இலை பில்லு ஆறு மாசத்துது ஜெராக்ஸ். ஒரு எம்பிக்கு மட்டும் அனுப்பாதீங்க, ரெண்டு மூணு கட்சிக்கு அனுப்புங்க. வாரியம் அறிவிச்ச விலைய அந்த பில்லு மேலேயே பேனாவுல பக்கத்துல எழுதிருங்க, எம்பி ஆபீஸ்ல இருக்க பையன் மொதல்ல பாக்குறது அதத்தான்.