மண்ணுக்குள் போட்ட சொட்டுநீர்க் குழாய் அடைக்கிறதா? கேள்வி பதில்

கேள்வி: நிபோங் திபாலில் மிளகாய் போட்டிருக்கிறேன் அண்ணே. கிணற்றுத் தண்ணீர் தெளிவாகத்தான் வருகிறது. வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் அடியில் செம்மண் மாதிரி படிகிறது. கடைசிச் செடிகள் வாடுகின்றன.

பதில்: மண் இல்லை தம்பி, இரும்பு. நிலத்தடியில் கரைந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது, காற்றுப் பட்டதும் துருவாகப் பிரியும். இரும்பை வைத்தே வாழும் பாக்டீரியாவும் குழாய்க்குள் சளி போலப் படரும். துரு அதில் ஒட்டி டிரிப்பரை, அதாவது குழாயில் தண்ணீர் சொட்டும் சிறு துளையை, அடைக்கும். தண்ணீரைப் பரிசோதித்துப் பாருங்கள். இரும்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலே கவனம் வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் நேராகக் குழாயில் விடவே கூடாது. தொட்டியில் மேலிருந்து தூவலாக விழவிட்டு, படியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் மணல் வடிகட்டி வழியாக எடுங்கள். பாக்டீரியாவைக் கொல்லக் குளோரின் கலப்பதானால் வடிகட்டிக்கு முன்னாலேயே கலக்க வேண்டும். பின்னால் கலந்தால் துரு குழாய்க்குள்ளேயே பிரியும்.

கேள்வி: ஆசிட்டும் குளோரினும் சேர்த்து ஊற்றினால் சீக்கிரம் சுத்தமாகுமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! இரண்டும் கலந்தால் விஷவாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. ஒன்றை முடித்து, குழாயை நன்றாக அலசிவிட்டு, வேறொரு நாளில் மற்றதைச் செய்யுங்கள்.

கேள்வி: பாலிக் புலாவ் மலைச்சரிவில் எங்கள் தோட்டம். 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்) வடிகட்டி இருந்தும் குழாய்க்குள் சேறு. எப்படி ஐயா?

பதில்: சேறு வெளியிலிருந்து வந்ததம்மா. பம்பை நிறுத்தியதும் தண்ணீர் சரிவில் கீழே இறங்கும். மேலே குழாய் வெறுமையாகி, டிரிப்பர் வழியாகச் சுற்றியுள்ள ஈரமண்ணை உறிஞ்சிவிடும். மேட்டின் உச்சியில் காற்று வால்வு பொருத்துங்கள். மண்ணுக்குப் பதில் காற்று உள்ளே போகும். புதைத்த குழாய்க்கு இது கட்டாயம், ஆனால் பலர் செலவை மிச்சம் பிடிப்பது இதில்தான்.

கேள்வி: வெண்டை வேர் டிரிப்பருக்குள் நுழைந்துவிட்டது. எடுக்க முடியுமா?

பதில்: நுழைந்தபின் கஷ்டம். மண்ணைக் காயவிட்டால்தான் வேர் ஈரத்தைத் தேடி உள்ளே வரும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி விடுங்கள். அடுத்த முறை வேர் தடுப்பு டிரிப்பர் வாங்குங்கள்.

கேள்வி: செடி வாடுவதற்கு முன்பே அடைப்பைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. தண்ணீர் மீட்டர் ஒன்று மாட்டுங்கள். அழுத்தம் அதே, ஓட்டம் மட்டும் வாராவாரம் குறைகிறதென்றால் அடைப்பு ஆரம்பித்துவிட்டது. குழாய்களின் கடைக்கோடியைத் திறந்து வெள்ளை வாளியில் பிடியுங்கள். கலங்கல் வந்தால் தெளியும்வரை ஓடவிட்டு மூடுங்கள்.