மரவள்ளி மாவைக் கொதிக்க வைத்தால் விஷம் போய்விடுமா?

கேள்வி: காங்கோ ஜனநாயகக் குடியரசின் குவாங்கோ பகுதியில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். இங்கே இரண்டு பிள்ளைகளுக்குத் திடீரென்று கால் விறைத்துவிட்டது. ‘கொன்சோ’ என்கிறார்கள், மரவள்ளி விஷத்தால் வருமாம். மரவள்ளி மாவை நன்றாகக் கொதிக்க வைத்தால் போதாதா?

பதில்: போதாது. கசப்பு மரவள்ளியில் இருக்கும் லினமாரின் என்ற சயனைடு கலந்த பொருள் சூட்டுக்கு எளிதில் அழியாது. அதை உடைத்து சயனைடு வாயுவாக வெளியேற்றும் நொதியும் கிழங்கிலேயே இருக்கிறது. சூடு பட்டால் அதுதான் முதலில் அழியும். கிழங்கை வேகவைத்தால் கொஞ்சம் விஷம் தண்ணீரில் இறங்கும், வடித்துக் கொட்டிவிடலாம். மாவைக் களியாக, அதாவது ஃபூஃபூவாகக் கிளறும்போது வடிக்கத் தண்ணீர் ஏது?

கிழங்கை மூன்று நான்கு நாள் ஊறப்போட்டு, காயவைத்து இடிப்பதுதான் அங்கே பழைய வழக்கம். பஞ்சமோ சண்டையோ வந்தால், சந்தைக்கு அவசரமாகச் சரக்கு போக வேண்டியிருந்தால், ஊறும் நாள் குறைகிறது. வறட்சியில் கிழங்கின் விஷமும் கூடும். சயனைடை முறிக்க உடலுக்குக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் தேவை. மீனோ பயறோ இல்லாத தட்டில் அதற்கு வழியில்லை. 1981-ல் மொசாம்பிக்கின் நம்புலாவில் வறட்சியின்போது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படித்தான் முடங்கினார்கள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்.

மரவள்ளியை நிறுத்தச் சொல்லாதீர்கள், அவர்களுக்கு வேறு சோறு கிடையாது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஹோவர்ட் பிராட்பரியின் எளிய முறையைச் சொல்லிக்கொடுங்கள். பாத்திரத்தில் மாவைப் போட்டு, அதன் மட்டத்தில் கோடு போடுங்கள். தண்ணீர் விட்டுக் கலக்கினால் மாவு முதலில் இறங்கும். மறுபடி கோட்டுக்கு ஏறும்வரை தண்ணீர் விடலாம். ஈரமாவைப் பாயில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கனமில்லாமல் பரப்புங்கள். வெயிலில் 2 மணி நேரம், நிழலானால் 5 மணி நேரம். மாவில் மிச்சமிருக்கும் நொதி வேலையை முடித்துவிடும், வாயுவும் பறந்துவிடும். அன்றே கிளறிச் சாப்பிட்டுவிட வேண்டும். 2010-ல் உங்கள் பக்கத்துப் போப்போகபாகா வட்டாரத்தில் ஒரு கிராமத்துப் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள். அதன்பின் கண்காணித்த காலத்தில் அங்கே புதிதாக யாருக்கும் கொன்சோ வரவில்லை.

அந்த இரண்டு பிள்ளைகள்? யாகா மொழியில் கொன்சோ என்றால் ‘கட்டுண்ட கால்கள்’. போன நடை முழுதாகத் திரும்பாது, ஆனால் நோய் தானாக முற்றவும் செய்யாது. உடற்பயிற்சி, ஊன்றுகோல், சிலருக்குக் குதிகால் தசைநாணை நீட்டும் அறுவை சிகிச்சை உதவும். அதே மாவைத் தொடர்ந்து கொடுத்தால் மறுபடி தாக்கலாம். விறைப்பு மெல்ல மெல்லக் கூடினாலோ, முதுகுவலி, காய்ச்சல், சிறுநீர்த் தடை இருந்தாலோ அது முதுகெலும்புக் காசநோயாகவும் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.