அம்மாவுக்கு அக்கி யாரிடமிருந்து வந்தது?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 63. வலது விலாவில் இரண்டு நாள் ஒரே எரிச்சல். சுளுக்கு என்று களிம்பு தடவிக்கொண்டிருந்தார். இன்று அதே இடத்தில் பட்டையாகக் கொப்புளங்கள். அக்கி என்கிறார்கள். வெளியே எங்கும் போகாதவருக்கு இது யாரிடமிருந்து தொற்றியது? ஏழு மாதக் குழந்தையை அவரிடம் விடலாமா?

பதில்: யாரிடமிருந்தும் தொற்றவில்லை, சகோதரி. உங்கள் அம்மாவுக்கு எப்போதோ வந்துபோன சின்னம்மையின் வைரஸ்தான் இது. அம்மை வந்ததே அவருக்கு நினைவில்லாமல் இருக்கலாம்.

வாரிசெல்லா சோஸ்டர் என்ற இந்த வைரஸ் மூச்சுவழியே நுழைந்து, உள்ளுக்குள் பெருகி, இரத்தத்தில் கலந்து, 10 முதல் 21 நாட்களில் உடலெங்கும் கொப்புளமாக வெளிப்படுகிறது. பொருக்கு உதிர்ந்ததும் நோய் போய்விட்டது என்று நினைக்கிறோம். வைரஸ் போவதில்லை. தோலிலுள்ள நரம்பு இழைகளைப் பற்றிக்கொண்டு முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளுக்குள் போய் ஒடுங்கிவிடுகிறது. எதிர்ப்பாற்றல் விழித்திருக்கும்வரை அதனால் தலைதூக்க முடியாது. முதுமையிலோ, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் நோய்களாலோ மருந்துகளாலோ அந்தக் காவல் தளரும்போது, ஏதோ ஒரு முடிச்சிலிருந்து கிளம்பி அந்த நரம்பின் வழியே தோலுக்கு இறங்கி வருகிறது. வழியெல்லாம் நரம்பைப் புண்ணாக்கிக்கொண்டு வருவதால்தான் கொப்புளத்துக்கு முன்பே எரிச்சல். அந்த நரம்பு உடலின் ஒரு பாதிக்கு மட்டுமே உரியது என்பதால் பட்டை நடுக்கோட்டோடு நின்றுவிடுகிறது. இந்த விளக்கத்தை 1965இல் முன்வைத்தவர் ஹோப்-சிம்ப்சன் என்ற ஆங்கிலேயக் குடும்ப மருத்துவர். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. தன்னிடம் வந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்துக் குறித்துவைத்தே கண்டுகொண்டார்.

வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாதென்று, கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் உங்களிடம் இதைச் சொல்லிவிட்டோம். மற்றவர்களும் கவனியுங்கள்: நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண்ணுக்கே ஆபத்து, அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். புண் ஆறியபின் வலி மாதக்கணக்கில் நீடித்தால் அதற்கும் தனி மருந்துகள் உண்டு. பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

குழந்தைக்கு அக்கி தொற்றாது. ஆனால் கொப்புள நீர் பட்டால் சின்னம்மை வரலாம். எல்லாக் கொப்புளங்களும் பொருக்குக் கட்டும்வரை பாட்டி குழந்தையைத் தூக்க வேண்டாம். புண்ணைத் துணியால் மூடி, கையை அடிக்கடி கழுவட்டும். சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத கர்ப்பிணிகள் யாரேனும் வீட்டில் இருந்தால் அவர்களும் விலகியிருக்க வேண்டும்.

அக்கி ஒருவருக்கே மறுபடியும் வரக்கூடும். 50 வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டு தவணையாகப் போடும் தடுப்பூசி இருக்கிறது. அம்மாவுக்குக் குணமானபின் எப்போது போடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.